அமீபாவினுள் ஒரு வாயில்

சீதபேதி என்னும் நோயின் பெயரைக் கேளாதவர் நம் நாட்டில் இருத்தல் அரிது. அந்நோயின் ஒரு வகைக்குக் காரணமாக இருப்பது ஓர் அமீபா. 1875-ஆம் ஆண்டில் ரஷ்ய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் லோஷ் என்ற மருத்துவர், நோயுற்ற குடியானவர் ஒருவரின் மலத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அங்கே ஊர்ந்து திரிந்த அவ்வுயிரை விவரித்து எழுதினார். 1903-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஷௌடின் அதற்கு எண்டமீபா ஹிஸ்டாலிடிகா என்று பெயரிட்டார். திசுக்களைக் கரைப்பது என்பது பெயரின் பிற்பகுதிக்குப் பொருள். குடலின் சுவரை அரித்துப் புண்ணாக்கும் உயிருக்கு அது பொருத்தமான பெயரே. 1912-இல் கல்கத்தாவில் லெனர்ட் ராஜர்ஸ், எமெட்டின் என்னும் மருந்தை ஊசி மூலம் செலுத்தி இந்நோயைத் தணிக்கலாம் என்று காட்டினார். ஆதலால் இந்த அமீபாவின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு.

ஆயினும் இங்கே சொல்ல வந்தது நோயைப் பற்றியன்று. அந்த அமீபாவின் உடலுக்குள் ஒரு மைக்ரானில் பாதி அளவுகூட இல்லாத சிறு பைகள் சில இருக்கின்றன. நெடுங்காலம் அவை யார் கண்ணிலும் படவில்லை. கண்ணில் பட்ட பின்னரோ, உயிர்களின் பழைய வரலாற்றைப் பற்றி அறிஞர் வகுத்திருந்த கொள்கை ஒன்று நிலைகுலைந்தது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிய, முதலில் மைட்டோகாண்ட்ரியா என்பவற்றைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் உடலின் உயிரணுக்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் மணிகள் போலவும் இழைகள் போலவும் சில உறுப்புகள் உள்ளன. 1890-இல் ஆல்ட்மன் என்ற ஜெர்மானியர், சாயம் ஏற்றிய உயிரணுக்களில் இவற்றைக் கண்டு, இவை தனித்தனி உயிர்களோ என்று ஐயுற்றார். 1898-இல் பெண்டா என்பவர், கிரேக்க மொழியில் இழை, மணி என்று பொருள்படும் இரு சொற்களை இணைத்து மைட்டோகாண்ட்ரியா என்று அழைத்தார். உண்ட உணவைப் பிராணவாயுவின் துணையால் எரித்து, ஏ.டி.பி. என்னும் ஆற்றல் பொருளை ஆக்கித் தருவது இவற்றின் பெருந்தொழில்.

ஆல்ட்மனின் ஐயம் வீண் போகவில்லை. 1927-இல் அமெரிக்கரான வாலின், மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாவே என்று நூல் எழுதினார். அன்று அதை ஏற்றவர் மிகச் சிலர். 1963-இல் மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் என்னும் தம்பதியர், கோழிக் கருவின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் டி.என்.ஏ. இழைகள் இருப்பதைக் கண்டனர். நான்கு ஆண்டுகள் சென்று, 1967-இல் லின் மார்குலிஸ் அம்மையார் (அன்று அவர் பெயர் லின் சேகன்) பழைய கருத்தைப் புதிய சான்றுகளுடன் எடுத்துரைத்தார். ஏதோ ஓர் உயிரணு ஒரு பாக்டீரியாவைத் தன்னுள் ஏற்றது. உள்ளே வந்த விருந்தாளி வெளியேறவில்லை. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைமுறை தலைமுறையாக அங்கேயே தங்கி உறுப்பாகிவிட்டது. இன்று இதனை மறுப்பவர் இல்லை என்றே சொல்லலாம்.

ஆனால் விருந்தாளி எப்போது உறுப்பாகிறான்? இங்கேதான் கணக்கு ஒன்று குறுக்கிடுகிறது. மனிதனின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள டி.என்.ஏ. முழுவதும் 1981-இல் படித்து முடிக்கப்பட்டது. அதன் நீளம் 16,569 எழுத்துகள். அது ஆக்கித் தரும் புரதங்களோ பதின்மூன்றே. மைட்டோகாண்ட்ரியா தன் வேலையைச் செய்வதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வேண்டும். எஞ்சியவை எங்கிருந்து வருகின்றன? அவற்றுக்கான ஜீன்கள் உயிரணுவின் உட்கருவில் இருக்கின்றன. புரதங்கள் வெளியே, சைட்டோபிளாசத்தில் உருவாகின்றன. பின்னர், இரண்டு சவ்வுகளைக் கடந்து உள்ளே கொண்டுவரப்படுகின்றன. சுருங்கச் சொன்னால், மைட்டோகாண்ட்ரியா இறக்குமதியால் வாழ்கிறது.

இறக்குமதி என்றவுடன் துறைமுகமும் சுங்கச் சாவடியும் நினைவுக்கு வரலாம். அந்நினைவு அவ்வளவு பிழையன்று. சரக்கின்மீது முகவரி இருக்க வேண்டும். வாயிலில் முகவரியைப் படிப்பவர் இருக்க வேண்டும். சரக்கை உள்ளே இழுப்பதற்கு வலிமையும் வேண்டும். இம்மூன்றையும் கண்டறிந்தவர்களுள் இருவர் முதன்மையானவர்: ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரில் ஆராய்ந்த காட்ஃபிரீட் ஷாட்ஸ், ஜெர்மனியில் ஆராய்ந்த வால்ட்டர் நாய்பெர்ட். இருவர் குழுவும் பல ஆண்டுகள் போட்டியிட்டு உழைத்தன. ஈஸ்டும் ரொட்டிப் பூஞ்சையும் அவர்களுடைய ஆய்வுப் பொருள்கள். புரதங்கள் முழுதாக உருவான பின்னரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் செல்லக்கூடும் என்பதும், பல புரதங்கள் முதலில் சற்று நீளமாக உருவாகி, உள்ளே சென்றபின் முன்பகுதி வெட்டப்பட்டுக் குறுகுகின்றன என்பதும் 1970-களின் பிற்பகுதியில் தெளிவாயின. வெட்டி எறியப்படும் அம்முன்பகுதியே முகவரிச் சீட்டு.

1984-இல் ஷாட்ஸ் குழுவினர் செய்த சோதனை எளிமையானது. ஆனால் ஐயத்துக்கு இடமளிக்காதது. எலியின் சைட்டோபிளாசத்தில் இருக்கும் ஓர் என்ஸைமுக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதன் முன்னே ஈஸ்டின் முகவரிச் சீட்டு ஒன்றை ஒட்டினார்கள். எலியின் என்ஸைம் ஈஸ்டின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தடையின்றி நுழைந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப்பின் அதே என்ஸைமோடு, அதை இறுகப் பற்றி விரியவொட்டாமல் தடுக்கும் ஒரு மருந்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். இப்போது அது வாயிலிலேயே நின்றுவிட்டது. ஆக, புரதம் மடிப்புக் கலைந்து நூலாக நீண்டால்தான் உள்ளே போக முடியும். ஊசிக் காதில் நூல் கோத்திருப்போர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

புறச் சவ்வில் உள்ள வாயிலுக்கு டாம் என்றும், அகச் சவ்வில் உள்ளதற்கு டிம் என்றும் விஞ்ஞானிகள் சுருக்கப் பெயர் வைத்தனர். டாம் வாயிலின் துளையாக அமைவது டாம்-40 என்ற புரதம். டாம்-20, டாம்-22, டாம்-70 ஆகியவை முகவரியைப் படிக்கும் காவலர்கள். அகச் சவ்வைக் கடப்பதற்கு, சவ்வின் இருபுறத்துக்கும் இடையே உள்ள மின்னழுத்தம் துணை செய்கிறது. உட்புறத்தில் காத்திருக்கும் வேறொரு புரதக் கூட்டம், ஏ.டி.பி.யைச் செலவிட்டு நூலை இழுத்துக்கொள்கிறது. இவ்வளவு உறுப்புகளும் ஒருங்கே இயங்கினால்தான் இறக்குமதி நடைபெறும்.

இனி நம் அமீபாவிடம் திரும்புவோம்.

எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபின் எண்டமீபாவைத் துருவிப் பார்த்தவர்களுக்கு அதனுள் மைட்டோகாண்ட்ரியா தென்படவில்லை. குடலில் பிராணவாயு மிகக் குறைவு. அது சர்க்கரையைப் புளிக்கச் செய்தே வாழ்கிறது. ஆகவே மைட்டோகாண்ட்ரியா இல்லாததில் வியப்பில்லை என்று கொண்டார்கள். ஆனால் ஏன் இல்லை என்ற கேள்வி எழுந்தது. 1983-இல் ஆங்கில அறிஞர் கவாலியர்-ஸ்மித் ஒரு விடை கூறினார். இத்தகைய உயிர்கள் சில, மைட்டோகாண்ட்ரியாவை ஒருபோதும் பெற்றதே இல்லை. பாக்டீரியா விருந்தாளியாக நுழைவதற்கு முன்பே பிரிந்து சென்ற மிகப் பழைய கிளைகள் அவை என்றார். ஆர்க்கிஸோவா, அதாவது தொல் விலங்குகள், என்று அவற்றுக்குப் பெயரும் இட்டார். அமீபாக்களுள் ஒரு பிரிவும் அப்பட்டியலில் இடம்பெற்றது. கொள்கை அழகாகத்தான் இருந்தது. உட்கருவுடைய உயிரணு, மைட்டோகாண்ட்ரியா இல்லாமலே முதலில் எப்படி இருந்தது என்பதை உயிரோடு காட்டும் சாட்சிகள் கிடைத்துவிட்டன என்று பலரும் மகிழ்ந்தனர்.

இல்லாமை இருவகைப்படும். ஒருவன் ஏழையாகவே பிறந்திருக்கலாம். அல்லது செல்வனாகப் பிறந்து எல்லாவற்றையும் இழந்திருக்கலாம். இருவர் கையும் வெறுங்கைதான். ஆனால் இரண்டாமவன் வீட்டுப் பெட்டியின் மூலையில் பழைய பத்திரம் ஒன்றேனும் கிடக்கும்.

1995-இல் கிளார்க், ரோஜர் என்னும் இருவர் அந்தப் பத்திரத்தைக் கண்டெடுத்தனர். எண்டமீபாவின் உட்கருவில், மைட்டோகாண்ட்ரியாவுக்கே உரிய இரண்டு புரதங்களின் ஜீன்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, மற்றப் புரதங்கள் சரியாக மடிவதற்குத் துணைபுரியும் புரதம். மைட்டோகாண்ட்ரியாவே இல்லாத உயிரில் அதன் புரதத்துக்கு என்ன வேலை? அப்புரதத்தின் முன்பகுதி, முகவரிச் சீட்டைப் போன்றே இருந்தது. முகவரி உண்டென்றால் வீடும் இருக்கவேண்டும் அன்றோ?

1999-இல் டோவார், ஃபிஷர், கிளார்க் ஆகிய மூவர் இலண்டனில் அந்த வீட்டைத் தேடினார்கள். அத்துணைப்புரதம் அமீபாவில் எங்கே தங்குகிறது என்று அடையாளமிட்டுப் பார்த்தபோது, அது சிறு புள்ளியாக ஓரிடத்தில் திரண்டிருந்தது. அடுத்து அவர்கள் செய்ததுதான் இவ்வாராய்ச்சியின் உயிர்நாடி. புரதத்தின் முன்பகுதியிலிருந்து பதினைந்து அமினோ அமிலங்களை நீக்கிவிட்டார்கள். புரதம் புள்ளிக்குள் செல்லாமல் சைட்டோபிளாசத்திலேயே தேங்கிற்று. நீக்கிய இடத்தில் முற்றிலும் வேறான ஓர் உயிரின் முகவரிச் சீட்டை ஒட்டினார்கள். தென் அமெரிக்காவில் சாகஸ் நோயை உண்டாக்கும் டிரிபனோஸோமா குரூஸி என்ற ஒட்டுண்ணியின் மைட்டோகாண்ட்ரியப் புரதத்திலிருந்து எடுத்த சீட்டு அது. உடனே புரதம் மீண்டும் புள்ளிக்குள் சென்று சேர்ந்தது. இரண்டு உயிர்களும் உயிரின மரத்தில் மிகத் தொலைவான கிளைகளைச் சேர்ந்தவை. ஒன்றின் முகவரியை மற்றொன்றின் காவலர் பிழையின்றிப் படித்தனர். அப்புள்ளி மைட்டோகாண்ட்ரியாவின் வழித்தோன்றலே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அதற்கு மைட்டோஸோம் என்று பெயரிட்டனர். அதே ஆண்டில் அமெரிக்கக் குழு ஒன்றும் தனியே இதனைக் கண்டு வேறு பெயர் வைத்தது. நிலைத்தது மைட்டோஸோம் என்ற பெயரே.

பின்னர் ஆர்க்கிஸோவாவின் மற்ற உறுப்பினர்களிடமும் இத்தகைய எச்சங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. கவாலியர்-ஸ்மித்தும் தம் கொள்கையைக் கைவிட்டார். தாம் எழுப்பிய மாளிகையைத் தாமே விட்டு வெளியேறும் நேர்மை எல்லா அறிஞர்க்கும் வாய்ப்பதில்லை.

எண்டமீபா எவ்வளவு இழந்திருக்கிறது என்பதை அதன் உறவினரோடு ஒப்பிட்டால்தான் விளங்கும். மண்ணிலும் நீரிலும் வாழும் அகாந்தமீபா என்னும் அமீபா, மைட்டோகாண்ட்ரியாவை நிறைவாக வைத்திருக்கிறது. 1995-இல் படிக்கப்பட்ட அதன் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.யின் நீளம் 41,591 எழுத்துகள். நம்முடையதைப் போல் இரண்டரை மடங்கு. போலந்து நாட்டின் போஸ்னான் நகர ஆராய்ச்சியாளர்கள், அகாந்தமீபாவிலும் டிக்டியோஸ்டீலியம் என்ற மற்றோர் அமீபாவிலும் டாம் வாயிலை ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டனர். டாம்-40, டாம்-70, டாம்-7 ஆகியவை இரண்டிலும் உறுதியாகக் காணப்பட்டன. எண்டமீபாவின் மைட்டோஸோமிலோ டி.என்.ஏ. இல்லை, சுவாசிக்கும் இயந்திரம் இல்லை, ஏ.டி.பி.யை ஆக்கித் தருவதற்கு மாறாக அதனையும் வெளியிலிருந்தே வாங்கிக்கொள்கிறது. ஆலை என்ற நிலையில் எதற்காக அது ஏற்பட்டதோ அத்தொழில் முழுவதும் போயிற்று.

வாயில் மட்டும் போகவில்லை. 2010-இல் டோலெஸால், லித்கோ முதலியோர், டாம்-40 துளையும், அத்துளையைச் சவ்வில் பொருத்தும் ஸாம்-50 என்ற புரதமும், உள்ளே இழுக்கும் புரதமும் எண்டமீபாவில் எஞ்சியிருப்பதைக் காட்டினார்கள். பழைய காவலர்களான டாம்-20, டாம்-22, டாம்-70 ஆகியோரைக் காணோம். அவர்கள் இடத்தில் 2013-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் நோஸாக்கியின் குழு புதியதொரு காவலரைக் கண்டது. டாம்-60 என்னும் அப்புரதம் எண்டமீபா இனத்திலன்றி வேறெங்கும் அறியப்படாதது. அது வாயிலோடு ஒட்டி நிற்பதோடு அமையாமல் சைட்டோபிளாசத்திலும் உலவுகிறது. பழைய வேலையாட்களை அனுப்பிவிட்டு, உள்ளூர் ஆள் ஒருவரை வேலைக்கு வைத்தாற்போன்றது இது.

ஆலை மூடிய பின்னும் வாயிற்காவல் எதற்கு? இதற்கும் அதே ஜப்பானியக் குழு விடை கண்டது. ஸல்பேட்டை இரசாயன வினைகளுக்கு ஏற்றவாறு தூண்டிவிடும் என்ஸைம்கள் மைட்டோஸோமுக்குள் இறக்குமதியாகின்றன என்று 2009-இல் மி-இச்சி முதலியோர் அறிவித்தனர். 2015-இல் அதன் பயனும் தெரிந்தது. அமீபா தன்னைச் சுற்றித் தடித்த உறையை அமைத்து உருண்டையாக உறங்கும் நிலை ஒன்று உண்டு. அந்த உறையோடுதான் அது மலத்தின் வழியே வெளியேறி, நீரிலும் காய்கறியிலும் கலந்து, அடுத்தவர் குடலை அடைகிறது. மைட்டோஸோமின் ஸல்பேட் வேலை அந்த உறைநிலையை அடைவதற்குத் துணைபுரிகிறது. நோய் ஊர் ஊராகப் பரவுவதில் அந்தக் கண்காணாப் பைக்கும் பங்கு உண்டு என்பது இதன் பொருள். மனித உடலில் டாம்-60 இல்லை. ஆதலால் மருந்து தேடுவோரின் பார்வையும் அவ்வாயிலின்மீது விழுந்திருக்கிறது.

இவ்வளவு நுட்பமான வாயில் முதலில் எப்படித் தோன்றியது? முகவரி இல்லாமல் வாயில் பயன்படாது; வாயில் இல்லாமல் முகவரி பயன்படாது. கோழியா முட்டையா என்ற பழைய வழக்குப்போல் இது தோன்றலாம். ஆனால் வழக்குத் தீராததன்று.

முகவரிச் சீட்டு அவ்வளவு அரிய பொருளன்று. 1987-இல் பேக்கரும் ஷாட்ஸும், பாக்டீரியாவின் டி.என்.ஏ.யைத் துண்டு துண்டாக்கி, முகவரி இழந்த ஈஸ்ட் புரதம் ஒன்றின் முன் ஒட்டிப் பார்த்தனர். குருட்டாம்போக்கில் எடுத்த அத்துண்டுகளுள் சில நல்ல முகவரியாகவே பயன்பட்டன. ஒருபுறம் நேர்மின்னேற்றமும் மறுபுறம் எண்ணெய்த்தன்மையும் கொண்ட சுருளாக அமைந்தால் போதும். தற்செயலாகவே அது கிடைத்துவிடும். வாயிலின் உறுப்புகளுக்கும் மூதாதையர் உண்டு. ஸாம்-50 புரதம், பாக்டீரியாவின் புறச் சவ்வில் அதே வேலையைச் செய்யும் புரதத்தின் வழிவந்தது. 2009-இல் கிளெமென்ட்ஸ் முதலியோர், டிம் வாயிலின் உள் இழுப்புப் பொறியைச் சேர்ந்த சில புரதங்களின் உறவினர்கள் இன்றைய பாக்டீரியாவிலும் தனித்தனியே வேறு வேலை பார்த்துக் கொண்டிருப்பதைக் கண்டனர். சிறு மாற்றங்களே அவற்றை ஒரு பொறியாக இணைக்கப் போதும் என்பது அவர்கள் முடிவு. வீட்டில் கிடந்த பழைய மரங்களை இழைத்துக் கதவு செய்தது போலத்தான் இயற்கை செய்திருக்கிறது. காவலர்களோ பிற்பாடு வந்தவர்கள். விலங்குகளின் டாம்-20 புரதமும் தாவரங்களின் டாம்-20 புரதமும் ஒரே வேலையைச் செய்தாலும், தனித்தனியே தோன்றியவை என்று 2006-இல் தெரிந்தது. எண்டமீபாவின் டாம்-60 அவ்வழியில் வந்த மூன்றாவது ஏற்பாடு.

விருந்தாளி நுழைவதை நேரில் கண்ட ஒருவரும் உண்டு. 1966-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் குவாங் ஜியான் வளர்த்துவந்த அமீபா புரோட்டியஸ் கூட்டத்தில் ஒரு பாக்டீரியா தொற்றிற்று. ஒவ்வோர் அமீபாவிலும் பல்லாயிரம் பாக்டீரியாக்கள். பெரும்பாலான அமீபாக்கள் மாண்டன. ஜியான் எஞ்சியவற்றை எறிந்துவிடாமல் பொறுமையோடு பேணி வளர்த்தார். சில ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாயிற்று: பாக்டீரியாவை அழித்தால் அமீபாவும் மாண்டது. நோயாக வந்தது, இல்லாமல் முடியாத துணையாகிவிட்டது. ஒட்டுறவு தொடங்குவதற்குக் கோடி ஆண்டுகள் தேவையில்லை என்பதை அது காட்டிற்று. ஆனால் அப்பாக்டீரியாவை உறுப்பு என்று நான் சொல்லமாட்டேன். அதன் புரதங்கள் இன்னும் அதனுடைய ஜீன்களிலிருந்தே வருகின்றன.

அந்த எல்லையைக் கடந்த அமீபா ஒன்று இருக்கிறது. 1895-இல் ஜெர்மனியில் லௌட்டர்போர்ன் விவரித்த பாலினெல்லா அது. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், ஒளியால் உணவு சமைக்கும் பாக்டீரியா ஒன்றை அது தன்னுள் ஏற்றது. இன்று அவ்விருந்தாளியிடம் எஞ்சியிருப்பவை 867 புரத ஜீன்களே. தன் உறவினரான பாக்டீரியாக்களிடம் உள்ளவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 2012-இல் நோவாக், கிராஸ்மன் ஆகிய இருவர், ஒளிச்சேர்க்கைக்குரிய மூன்று சிறு புரதங்கள் அமீபாவின் சைட்டோபிளாசத்தில் உருவாகி அதனுள் செல்வதைக் காட்டினர். 2017-இல் அவ்வாறு இறக்குமதியாகும் புரதங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன என்று தெரியவந்தது. அவற்றுள் நீண்டவை இருநூறு அமினோ அமிலங்கள் அளவுள்ள முகவரியைத் தாங்கிச் செல்கின்றன. டாமும் டிம்மும் அங்கே இல்லை. வழியும் முகவரியும் வேறு. ஆயினும் ஏற்பாடு அதே ஏற்பாடுதான்.

ஆக, அமீபாக்களில் ஒன்று இப்போதுதான் புதிய வாயில் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறது. மற்றொன்று நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய வாயிலைச் சுற்றியிருந்த கட்டடத்தையெல்லாம் இடித்துவிட்டு வாயிலை மட்டும் வைத்திருக்கிறது. எண்டமீபாவின் அந்த வாயிலிலும் ஒரு பாதி விடுபட்டிருக்கிறது. புறச் சவ்வைக் கடந்து வந்த புரதம் அகச் சவ்வை எதன் வழியே கடக்கிறது? டிம் வாயிலின் உறுப்புகள் அதன் ஜீன்களில் அகப்படவில்லை. மின்னழுத்தமும் அங்கே இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் புரதங்கள் நாள்தோறும் உள்ளே சென்றுகொண்டுதான் இருக்கின்றன. அந்த இரண்டாம் கதவை டோக்கியோவிலும் பிற ஆராய்ச்சிக் கூடங்களிலும் தேடி வருகிறார்கள்.